நடுவர் கையில் எந்த மெஷின்? கிராஃபிங் கால்குலேட்டர் கேம் போட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கிராஃபிங் கால்குலேட்டரில் ஓடும் கேம்களைப் பொழுதுபோக்காக எழுதுகிறவர்களுக்கு ஒரு சிறிய போட்டி நடத்தினோம். அதைத் திட்டமிட்டதிலிருந்து பரிசு அனுப்பியது வரையிலான பதிவு இது. ஏற்பாட்டுக் குழுவில் அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் இருந்த ஐந்து தன்னார்வலர்கள்: இரண்டு கல்லூரி மாணவர்கள், ஒரு பள்ளிக் கணித ஆசிரியை, மென்பொருள் வேலையில் இருக்கும் இரண்டு பேர். அந்த இருவரில் நான் ஒருவன்; நடுவராகவும் இருந்தேன். பங்கேற்றவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள் என்பதால் யாரையும் அடையாளம் காட்டும் விவரத்தை இதில் சேர்க்கவில்லை.

பின்னணி

நம் ஊரில் பொறியியல் படித்தவர்களுக்குக் கால்குலேட்டர் என்றால் கேசியோ எஃப்எக்ஸ்-991தான். ப்ரோக்ராம் எழுத முடிகிற கால்குலேட்டரைத் தேர்வறைக்குள்ளேயே விடமாட்டார்கள். அமெரிக்காவில் கதை வேறு. 1985இல் கேசியோ எஃப்எக்ஸ்-7000ஜி வந்தது. வரைபடம் போடும் முதல் கால்குலேட்டர் அது. 1990இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (டிஐ) தன் டிஐ-81ஐக் கொண்டுவந்தது. 1995 முதல், பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரிநிலைத் தேர்வான ஏபி கால்குலஸ் தேர்வின் ஒரு பகுதிக்கு கிராஃபிங் கால்குலேட்டர் கட்டாயம் என்று ஆனது. அதன்பின் மேல்நிலைப் பள்ளிப் பையில் அது இல்லாத பிள்ளை குறைவு. வகுப்பில் போனை எடுத்தால் பிடுங்கிக்கொள்வார்கள். கால்குலேட்டரை எடுத்தால் கணக்குப் போடுகிறான் என்று விட்டுவிடுவார்கள். இந்தப் பொழுதுபோக்கு வளர்ந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

டிஐ கால்குலேட்டர்களில் பேசிக் மொழி உள்ளேயே இருக்கிறது. கணினி வேண்டாம், அதன் விசைகளிலேயே ப்ரோக்ராமைத் தட்டிவிடலாம். எந்த விசை அழுத்தப்பட்டது என்பதை ‘கெட்கீ’ கட்டளை ஓர் எண்ணாகச் சொல்லும்: இடது அம்பு 24, மேல் 25, வலது 26, கீழ் 34. நிபந்தனை உண்மையானால் 1, பொய்யானால் 0 என்பதால், ஆளை இடமும் வலமும் நகர்த்த ‘ஏ + (கே=26) − (கே=24)’ என்ற ஒரே வரி போதும். இந்த வட்டத்தில் எல்லோரும் முதலில் கற்கிற வித்தை அது.

பேசிக்கின் வேகம் போதாதவர்கள், சிப்புக்கு நேரடியாகக் கட்டளையிடும் அசெம்பிளி மொழிக்குப் போவார்கள். டிஐ-83 பிளஸ் (1999), டிஐ-84 பிளஸ் (2004) இரண்டிலும் இருப்பது ஸைலாக் இசட்80 சிப். திரை 96க்கு 64 புள்ளி, கறுப்பு வெள்ளை. பயனருக்குக் கிடைக்கும் ரேம் சுமார் 24 கேபி. 2015இல் வந்த டிஐ-84 பிளஸ் சிஇ வேறு ரகம்: 48 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இஇசட்80 சிப், 320க்கு 240 கலர் திரை. அதில் சி மொழியிலேயே எழுதி கம்பைல் செய்யலாம். ஒரே குடும்பப் பெயர்தான், ஆனால் எழுதுகிறவருக்கு இவை இரண்டு தனி உலகங்கள். போட்டியின் சிக்கல்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்தன.

முந்தைய போட்டிகளில் பார்த்தது

திட்டமிட உட்கார்ந்ததும், குழுவில் இருந்தவர்கள் முன்பு பங்கேற்ற, நடத்திய போட்டிகளை அலசினோம். எந்தக் கால்குலேட்டரும் சரி, எந்த மொழியும் சரி, எந்த கேமும் சரி என்று திறந்துவிட்ட போட்டிகளுக்குப் பதிவு நிறைய வந்திருந்தது. முடிந்த கேம் சொற்பம்.

ஒரு காரணம் ஆசை. பதிவு செய்கிறவர்களில் பாதிப் பேர், ஒரு கதாபாத்திரமாக ஊர் ஊராகச் சுற்றிச் சண்டை போடும் ரோல்-பிளேயிங் கேம் எழுதப் போவதாகச் சொல்வார்கள். தலைப்புத் திரை பிரமாதமாக வரும், கதை நாலு பக்கம் இருக்கும், வரைபடத்தில் ஒரு கிராமம் தயாராகும். சண்டைப் பகுதி வரும்போது ஆள் காணாமல் போய்விடுவார். இந்த வட்டத்தில் இது ஊரறிந்த விஷயம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் நடக்கும்.

இன்னொரு காரணத்தை யாரும் கவனித்த மாதிரித் தெரியவில்லை. மோட்டரோலா 68000 சிப் உள்ள டிஐ-89இல் முப்பரிமாண கேம் ஒன்று, டிஐ-83 பிளஸில் பேசிக்கில் எழுதிய புதிர் ஒன்று. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தவேண்டி வந்தபோது நடுவர்கள் மழுப்பியிருந்தார்கள். அதோடு, நடுவர்கள் எல்லோரிடமும் எல்லா மெஷினும் இல்லை. இல்லாதவர், கணினியில் கால்குலேட்டரைப் போல நடிக்கும் எமுலேட்டரில் பார்த்தார், சிலர் நகரும் படத்தை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். தோற்றவர்களின் மனத்தாங்கலில் நியாயம் இருந்தது.

மெஷினை முதலில் முடிவு செய்தது

அதனால் வழக்கமான வரிசையைத் தலைகீழாக்கினோம். கருப்பொருள், பரிசு, தேதி எல்லாம் அப்புறம். நடுவர் கையில் என்ன மெஷின் இருக்கும் என்பது முதலில். மூன்று நடுவர்களிடமும் நிஜமாக இருக்கும் கால்குலேட்டர்களைக் கணக்கெடுத்தோம். எல்லோரிடமும் பொதுவாக இருந்தவை டிஐ-84 பிளஸும் டிஐ-84 பிளஸ் சிஇயும். பிரான்ஸில் விற்கும் டிஐ-83 பிரீமியம் சிஇ அதே குடும்பம் என்பதால் அதையும் ஏற்றுக்கொண்டோம்.

கேசியோ பிரிஸம், ஹெச்பி பிரைம், டிஐ-என்ஸ்பயர், நம்வொர்க்ஸ் எல்லாம் வெளியே. இதற்கு எதிர்ப்பு வந்தது, குறிப்பாகக் கேசியோ ஆட்களிடமிருந்து. பரிசில்லாத ஒரு பொதுப் பிரிவாவது வையுங்கள் என்று கேட்டார்கள். மதிப்பிட முடியாத கேமை வாங்கி வைத்துக்கொண்டு ‘நன்று’ என்று எழுதுவது அவமரியாதை என்று ஆசிரியை சொன்னார், மற்றவர்கள் ஒப்புக்கொண்டோம். இன்றும் அது சரியென்றே நினைக்கிறேன், அவர்கள் வருத்தம் புரிந்தாலும்.

பிரிவுகள் மூன்று: டிஐ-84 பிளஸில் சுத்த பேசிக், அதே மெஷினில் அசெம்பிளி, சிஇயில் சி அல்லது அசெம்பிளி.

‘சுத்த பேசிக்’ என்றால் என்ன என்பது இந்த வட்டத்தில் பல வருடச் சண்டை. பேசிக்கிலிருந்தே அசெம்பிளி வேலைகளைச் செய்யவைக்கும் லைப்ரரிகள் (சேர்த்து ஏற்றும் துணை ப்ரோக்ராம்கள்) உண்டு. அவற்றைச் சேர்த்துக்கொண்டால் பேசிக் கேமுக்கும் அசெம்பிளி கேமுக்கும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. 2010இல் வந்த ஆக்ஸ் மொழி பேசிக் மாதிரியே எழுதப்படும், ஆனால் சிப் நேரடியாகப் புரிந்துகொள்ளும் மெஷின் கோடாக கம்பைல் ஆகும். இவற்றுக்கெல்லாம் இலக்கணம் எழுத ஆரம்பித்தால் விதிமுறையே புத்தகமாகிவிடும். அதனால் மெஷினை வைத்தே வரையறுத்தோம்: முழுவதும் ரீசெட் செய்த, வேறு ஆப் எதுவும் ஏற்றாத டிஐ-84 பிளஸுக்கு ப்ரோக்ராமை அனுப்புவோம்; அது ஓடினால் பேசிக். ஒரு ஓட்டை மட்டும் மிஞ்சியது. பேசிக் ப்ரோக்ராமுக்கு உள்ளேயே மெஷின் கோடை எண்களாகத் தட்டி, ‘ஏஎஸ்எம்’ கட்டளையால் ஓட்ட முடியும். அந்தக் கட்டளைக்குத் தடை என்று ஒரு வரி சேர்த்தோம். ஆக்ஸ் அசெம்பிளிப் பிரிவுக்குப் போனது. சண்டை எதுவும் வரவில்லை.

எமுலேட்டரில் எழுதலாமா என்ற கேள்விக்குத் தாராளமாக என்றோம். ஆனால் எமுலேட்டருக்குக் கால்குலேட்டரின் உள்மென்பொருளின் நகலான ரோம் கோப்பு வேண்டும். அதன் பதிப்புரிமை கம்பெனியுடையது. உங்களுடைய கால்குலேட்டரிலிருந்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், யாரிடமும் கேட்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று விதி வைத்தோம்.

கருப்பொருளும் அளவும்

கருப்பொருள் ‘ஒரே திரை’. கேம் முழுவதும் நகராத ஒரு திரைக்குள் நடக்க வேண்டும். அழகான தலைப்பு இல்லைதான். ரோல்-பிளேயிங் கேமைத் தடை என்று சொல்லாமல் தடுக்க அதைவிட நல்ல வழி எங்களுக்குத் தோன்றவில்லை.

பேசிக் பிரிவுக்கு 8,000 பைட் உச்சவரம்பு. கணினியில் கோப்பு காட்டும் அளவு வேறு, கால்குலேட்டர் காட்டும் அளவு வேறு என்பதால், கால்குலேட்டரின் மெமரிப் பட்டியலில் தெரியும் எண்தான் கணக்கு என்றோம். கேம் உருவாக்கும் லிஸ்ட், மேட்ரிக்ஸ், படம் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். இந்தச் சின்ன விதி செய்த வேலை நாங்களே எதிர்பார்க்காதது. பேசிக்கில் ஓர் எண் 9 பைட் எடுக்கும். ஹோம் திரையில் 8 வரி, வரிக்கு 16 எழுத்து. மொத்தம் 128 கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் எண் என்று மேட்ரிக்ஸில் வைத்தால் ஒரே வரைபடத்துக்கு 1,152 பைட் போய்விடும். அதையே எழுத்துச் சரமாக வைத்து, ‘சப்’ கட்டளையால் வேண்டிய எழுத்தை உருவினால் 128 பைட் சொச்சம்தான். பங்கேற்ற ஒரு பள்ளி மாணவி பாதி வழியில் வரம்பைத் தாண்டிவிட்டு, மேட்ரிக்ஸையெல்லாம் சரமாக மாற்றினார். மிஞ்சிய இடத்தில் கூடுதல் நிலைகள் சேர்த்தார். தன் வரைபடங்களுக்கு எவ்வளவு மிச்சமானது என்று அவர் போட்டுக் காட்டிய கணக்கைப் பார்த்து இன்னும் சிலர் அதே வழிக்கு வந்தார்கள்.

மதிப்பெண்ணில் விளையாடும் சுவைக்கு 40, கருப்பொருளுக்கு 20, கேமை முழுமையாக முடித்திருப்பதற்கு 20, ப்ரோக்ராம் எழுதிய விதத்துக்கு 20. ‘புதுமை’ என்ற தலைப்பைப் பேசி எடுத்துவிட்டோம்; பாம்பு கேமை நன்றாக எழுதியவன் அதனால் தோற்கக்கூடாது. பொது வாக்கெடுப்பு சமநிலை வந்தால் மட்டும். நண்பர் அதிகம் உள்ளவர் ஜெயிப்பதற்குப் போட்டி எதற்கு?

தேதி

கோடை விடுமுறையில் வைப்பதுதான் வழக்கம். பிள்ளைகளுக்கு நேரம் இருக்கும் என்பது கணக்கு. ஆசிரியை அதில் ஒரு விஷயத்தைக் காட்டினார். பல அமெரிக்கப் பள்ளிகளில் கால்குலேட்டர் பள்ளியுடையது. கல்வியாண்டு முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். நூறு டாலரைத் தாண்டும் பொருளைச் சொந்தமாக வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கோடையில் மெஷினே இருக்காது. எமுலேட்டரும் உதவாது, ரோம் எடுக்கச் சொந்தக் கால்குலேட்டர் வேண்டும் என்று நாங்களே விதி வைத்திருக்கிறோம். மற்ற நால்வருக்கும் இது தோன்றவே இல்லை. எங்கள் எல்லோரிடமும் சொந்தக் கால்குலேட்டர் இருந்ததால்தான் என்று நினைக்கிறேன்.

கல்வியாண்டுக்குள் முழுக்க வைக்கவும் வழியில்லை. மே முதல் இரண்டு வாரங்கள் ஏபி தேர்வு, ஜூனில் பிரெஞ்சு மாணவர்களுக்குப் பாக்கலோரேயா என்ற பள்ளியிறுதித் தேர்வு. கடைசியில் மே நடுவில் தொடங்கி ஜூலை நடுவில் முடிப்பதென்று வைத்தோம். அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கால்குலேட்டர் கையில் இருக்கும் சில வாரங்கள் முன்பக்கம், பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்த சில வாரங்கள் பின்பக்கம். கால்குலேட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டவர்கள் பேசிக் ப்ரோக்ராமைக் கணினியில் எழுதி அனுப்பினால், நடுவரல்லாத ஒரு குழு உறுப்பினர் மெஷினில் ஓட்டிப் பார்த்து நடந்ததைச் சொல்வார் என்று ஒரு ஏற்பாடும் செய்தோம். யாருக்கும் முழுத் திருப்தி இல்லாத தேதி. அதைவிட நல்லது கிடைக்கவில்லை.

மூன்றாம் வார முடிவில் ஓடும் நிலையில் ஏதாவது ஒன்றை அனுப்ப வேண்டும் என்பது கடைசி விதி. திரையில் ஓர் எழுத்து அம்பு விசைக்கு நகர்ந்தால் கூடப் போதும். அனுப்பாதவருக்குத் தண்டனை இல்லை.

வயது வரம்பில் அதிகம் யோசிக்கவில்லை. 13 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளின் விவரத்தை இணையத்தில் வாங்குவதற்கு அமெரிக்காவில் 1998இல் இயற்றிய சட்டம் ஒன்று உண்டு. எங்களைப் போன்ற சில்லறைக் குழுவை அது கட்டுமா என்று வாதாடுவதைவிட 13க்கு மேல் என்று எழுதிவிடுவது சுலபம்.

போட்டி நடந்த வாரங்கள்

தொடங்கிய சில நாளிலேயே சிஇ பிரிவில் ஒரு முட்டுக்கட்டை. 2020இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், தேர்வு நேர்மையைக் காரணம் சொல்லி, சிஇ வகைக் கால்குலேட்டர்களின் புதிய ஓஎஸ்ஸில் அசெம்பிளி, சி ப்ரோக்ராம்களை ஓட்டும் வசதியை எடுத்துவிட்டது. சேமித்து வைத்ததைத் தேர்வு நேரத்தில் முடக்கும் தேர்வு மோடை ஏமாற்ற முடியும் என்று காட்டிய ஒரு காணொளி அதற்கு முன் சுற்றிக்கொண்டிருந்தது. புதுப்பித்த மெஷினைப் பழைய ஓஎஸ்ஸுக்குத் திருப்புவது சாதாரண வழியில் முடியாது. சில மாதத்திலேயே ஆர்வலர்கள் ஆர்டிஃபைஸ் என்ற குறுக்குவழியைக் கண்டுபிடித்தார்கள். அதைப் போட்டால் மறுபடி ஓடும். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். பதிவு செய்த பையன் ஒருவனுக்குத் தெரியவில்லை. சி மொழியில் எழுதிய முதல் ப்ரோக்ராமை ஏற்றினான், கால்குலேட்டர் மறுத்துவிட்டது. மெஷின் பள்ளியுடையது.

குழுவுக்குள் இரண்டு கட்சி. ஆர்டிஃபைஸ் போடச் சொல்லலாம், அதனால் கெடுதல் ஒன்றுமில்லை என்றார்கள் கல்லூரி மாணவர்கள் இருவரும். தொழில்நுட்பப்படி அது சரி. ஆனால் பள்ளியின் சொத்தில், பள்ளி வேண்டாம் என்று நினைக்கக்கூடிய ஒன்றைப் போடும்படி ஒரு சிறுவனிடம் பெரியவர்கள் சொல்வது வேறு விஷயம் என்றார் ஆசிரியை. நாளைக்கு அவன் மாட்டிக்கொண்டால் பதில் சொல்லப்போவது யார்? முடிவாக, நடுவர்களின் மெஷினில் பழைய ஓஎஸ்தான் இருக்கும் என்று அறிவித்தோம். சொந்த மெஷினில் என்ன செய்வது என்பது அவரவர் பாடு, பள்ளி மெஷினில் கைவைக்கும்படி குழு யாரிடமும் சொல்லாது. அந்தப் பையன் பேசிக் பிரிவுக்கு மாறினான். சிஇயின் பேசிக்கில் எழுதக் கூடாதா என்று கேட்டான்; நடுவர் மெஷின் டிஐ-84 பிளஸ் என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று, ஹோம் திரையின் அகலமே வேறு. கடைசி வரை அவன் கேம் வரவில்லை. இந்தப் போட்டியில் எனக்கு உறுத்தலாக இருப்பது இதுதான்.

மூன்றாம் வாரச் சோதனை நன்றாக வேலை செய்தது. அதில் ஏதாவது அனுப்பியவர்களில் பெரும்பாலானவர்கள் கேமை முடித்தார்கள்; அனுப்பாதவர்களில் முடித்தவர் அரிது. சோதனையால்தான் முடித்தார்களா, முடிக்கிற சுபாவம் உள்ளவர்கள்தான் சோதனைக்கும் அனுப்பினார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்று உறுதி: கடைசி வாரத்தில் ‘எப்படி அனுப்புவது’ என்ற கேள்வி ஏறக்குறைய வரவே இல்லை.

நடுவர் மேசையில்

பேசிக் பிரிவில் முதல் சுற்று மதிப்பெண்களை ஒப்பிட்டபோது ஒரு விசித்திரம். விழும் பொருளைப் பிடிக்கும் ஒரு கேமுக்கு ஒரு நடுவர் ‘தூக்கம் வருகிறது’ என்று எழுதியிருந்தார். எனக்கோ அது தாங்க முடியாத வேகம். விசாரித்ததில், அவர் பழகின கைக்கு டிஐ-83 பிளஸில் பார்த்துவிட்டார். இரண்டிலும் ஒரே பேசிக் ஓடும், ஆனால் 83 பிளஸ் 6 மெகாஹெர்ட்ஸ், 84 பிளஸ் 15. நேரத்தை அளக்காமல் சும்மா சுற்றும் லூப்பை நம்பி எழுதிய கேமுக்கு இரண்டு மடங்குக்கு மேல் வேகம் மாறிவிடும். போதாததற்கு மூன்றாவது நடுவரின் 84 பிளஸில் 2.53 மேத்பிரின்ட் ஓஎஸ். அதில் பேசிக் மந்தமாக ஓடும் என்பது தெரிந்ததே. அந்தச் சுற்றைத் தூக்கிப்போட்டுவிட்டு, மூவரும் ஒரே ஓஎஸ் உள்ள 84 பிளஸில் திரும்ப விளையாடினோம்.

பெரிய சிக்கல் அசெம்பிளிப் பிரிவில் வந்தது. பெட்டி தள்ளும் கேம் ஒன்று. அனுப்பியவரின் மெஷினில் ஓடியது, எமுலேட்டரில் ஓடியது, ஒரு நடுவரின் மெஷினிலும் ஓடியது. என் மெஷினில் முதல் நிலை முடிந்து இரண்டாவது நிலை தொடங்கும்போது திரை உறைந்தது. எந்த விசைக்கும் அசைவில்லை. பின்மூடியைத் திறந்து ஒரு ட்ரிபிள்-ஏ பேட்டரியை எடுத்துத் திரும்பப் போட்டேன். ‘ரேம் க்ளியர்டு’ என்று வந்தது. மற்ற கேம்களை, ரேம் அழிந்தாலும் அழியாத ஆர்க்கைவில் வைத்திருந்ததால் பிழைத்தன. மூன்றாவது நடுவருக்கு அந்த முன்யோசனை இல்லை; அவர் எல்லாவற்றையும் மறுபடி கேபிள் போட்டு ஏற்ற வேண்டியதாயிற்று. அவர் மெஷினில் கூடுதலாக இன்னொரு கோளாறு: திரையின் சில பட்டைகளில் படம் சிதறித் தெரிந்தது.

ப்ரோக்ராமைத் திறந்து வரிகளைப் பார்த்ததில் இரண்டுக்கும் காரணம் கிடைத்தது. ஆரம்பகால டிஐ-84 பிளஸ்களில் 128 கேபி ரேம் உண்டு. பின்னால் வந்தவற்றில் 48 கேபி மட்டும். பெயர் ஒன்று, பெட்டி ஒன்று, வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சாதாரணப் பயனருக்கு அந்தக் கூடுதல் ரேம் கண்ணில் படாது, ஆனால் அசெம்பிளி எழுதுகிறவர் எடுத்துக்கொள்ளலாம். இவர் சுருக்கி வைத்த எல்லா நிலைகளையும் தொடக்கத்திலேயே விரித்து, கூடுதல் ரேம் பக்கங்களில் அடுக்கி வைத்திருந்தார். என் மெஷினில் அந்தப் பக்கங்களே கிடையாது. திரைச் சிதறல் வேறு கதை: 15 மெகாஹெர்ட்ஸில் சிப் எழுதும் வேகத்துக்குத் திரையை இயக்கும் டிரைவர் சிப் ஈடுகொடுக்கவில்லை, திரைக்கு எழுதும் ஒவ்வொரு முறைக்கும் நடுவே அவர் விட்ட இடைவெளி போதவில்லை. சில திரைகள் தாங்கும், சில தாங்காது. எமுலேட்டரில் இது தெரிய வாய்ப்பில்லை.

என்ன செய்வது? மூன்று யோசனைகள் வந்தன: ஓடவில்லை என்பதால் நீக்கு; எமுலேட்டரில் பார்த்து மதிப்பெண் போடு; எழுதியவருக்குத் திருப்பி அனுப்பித் திருத்தச் சொல். எமுலேட்டர் வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒன்று. மெஷின்தான் தீர்ப்பு என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு அதை மீற முடியாது. நீக்குவதும் நியாயமாகப் படவில்லை. நாங்கள் எழுதியது ‘டிஐ-84 பிளஸ்’ என்று மட்டும். அவர் வைத்திருந்ததும் டிஐ-84 பிளஸ்தான். அந்தப் பெயருக்குள் இரண்டு மெஷின் இருப்பதை விதியில் சொல்லவேண்டியது ஏற்பாட்டாளர் பொறுப்பு. ஆகவே 72 மணி நேரத் திருத்த அவகாசம், அசெம்பிளிப் பிரிவில் இருந்த எல்லோருக்கும். மெஷின் வேறுபாட்டால் வரும் கோளாறை மட்டும் சரிசெய்யலாம். புது நிலை, புதுப் படம் எதுவும் கூடாது. பழைய ப்ரோக்ராமையும் புதிய ப்ரோக்ராமையும் வரி வரியாக ஒப்பிடுவோம்.

அவர் செய்த திருத்தம் அழகானது. 96க்கு 64 திரையை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்தால் 12க்கு 8, மொத்தம் 96 கட்டம். ஒரு நிலைக்கு 96 பைட் இருந்தால் போதும். எல்லாவற்றையும் முதலிலேயே விரிப்பதை விட்டுவிட்டு, தேவையான நிலையை மட்டும் அப்போதைக்கு விரித்து, திரையைச் சேமிக்க ஓஎஸ் ஒதுக்கியிருக்கும் 768 பைட் இடத்தில் வைத்துக்கொண்டார். கூடுதல் ரேம் தேவைப்படவே இல்லை. திரைக்கு எழுதும் இடத்தில் காத்திருப்பைக் கொஞ்சம் கூட்டினார். மூன்று மெஷினிலும் ஓடியது.

அவகாசம் கொடுத்தது தெரிந்ததும் பேசிக் பிரிவிலிருந்து ஒருவர் தனக்கும் வேண்டும் என்றார். அவருடைய கேம் நெடுநேரம் விளையாடினால் மெள்ள மெள்ள மந்தமாகி, கடைசியில் மெமரி போதவில்லை என்ற பிழையோடு நின்றுவிடும். கேமில் உயிர் போகும்போதெல்லாம், திரும்பத் திரும்ப ஓடும் ஃபார் லூப்பின் நடுவிலிருந்து ‘கோட்டூ’ (வேறு இடத்துக்குப் போ) கட்டளை போட்டு வெளியே குதித்திருந்தார். லூப் முடியவில்லை என்று கால்குலேட்டர் நினைவில் வைத்துக்கொண்டே இருக்கும். குதிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெமரி திரும்பாமல் போகும். டிஐ பேசிக்கின் பழைய பொறி இது. எந்த மெஷினில் ஓட்டினாலும் வரும், அவர் மெஷினிலும் வரும். அதனால் அவகாசம் இல்லை என்றோம். அவ்வளவு நேரம் யார் விளையாடப் போகிறார்கள் என்று கேட்டார். கேம் நன்றாக இருந்ததால்தான் அவ்வளவு நேரம் விளையாடினோம் என்று நடுவர் பதில் எழுதினார். ஆறுதலாக இருந்திருக்காது.

முடிவும் பரிசும்

பேசிக்கில் மேட்ரிக்ஸைச் சரமாக மாற்றிய மாணவியின் புதிர் முதலிடம். அசெம்பிளியில் பெட்டி தள்ளும் கேம் இரண்டாவது. அவகாசம் பெற்ற கேம் வென்றிருந்தால் கிளம்பியிருக்கும் பேச்சு கிளம்பவில்லை. நிம்மதியாக இருந்தது என்பதை மறைப்பானேன். சிஇ பிரிவில் மூன்றே கேம்கள்தான் வந்தன, மூன்றும் தரமானவை.

பரிசில் சொதப்பல். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சிஇ கால்குலேட்டர் என்று அறிவித்திருந்தோம். சிஇயில் லித்தியம் பேட்டரி இருப்பதால் நாடு தாண்டி அனுப்ப அஞ்சல் விதிகள் ஏராளம், சுங்கம் வேறு. வென்றவர்களில் ஒருவர் பிரான்ஸில் இருந்தார். அங்கே பள்ளியில் பழகியது டிஐ-83 பிரீமியம் சிஇ, அது அவரிடம் ஏற்கெனவே இருந்தது. சிறுவர்களின் வீட்டு முகவரியை வாங்கப் பெற்றோரிடம் பேச வேண்டும். சில பெற்றோர் முன்பின் தெரியாதவர்கள் கால்குலேட்டர் அனுப்புகிறோம் என்றதும் சந்தேகப்பட்டார்கள், நியாயம்தான். எல்லாப் பரிசும் போய்ச் சேர்வதற்குள் இலையுதிர்காலம் வந்துவிட்டது.

அடுத்த முறை மாறுபவை

விதித்தாளின் முதல் பத்தியில் நடுவர்களின் மெஷின் விவரம் முழுமையாக இருக்கும்: மாடல், ஓஎஸ் பதிப்பு, ரேம் அளவு, வரிசை எண்ணின் கடைசியில் வரும் எழுத்து. ஹார்டுவேர் எந்தத் திருத்தம் என்பதை அந்த எழுத்திலிருந்து ஊகிக்கலாம். போட்டி நடுவில் ஒரு நாள், யார் வேண்டுமானாலும் பாதிக் கேமை அனுப்பினால் மூன்று நடுவர் மெஷினிலும் ஓட்டிப் பார்த்து ஓடுகிறதா இல்லையா என்று மட்டும் சொல்வோம். இது இருந்திருந்தால் 72 மணி நேர அவகாசமே தேவைப்பட்டிருக்காது.

சிஇயில் பேசிக்குக்கு ஒரு பிரிவு வருகிறது. இப்போது பள்ளிகள் கொடுப்பது பெரும்பாலும் அந்த மெஷின்தான். ஓஎஸ் எதுவாக இருந்தாலும் பேசிக் ஓடும். அசெம்பிளியும் சி மொழியும் குறைந்துகொண்டே போகும் ஒரு கூட்டத்துக்கானவை என்பதை ஒப்புக்கொள்ளக் கல்லூரி மாணவர்கள் இருவருக்கும் மனமில்லை. விவாதம் இன்னும் நடக்கிறது. பரிசு கால்குலேட்டராக இருக்காது. வென்றவர் இருக்கும் நாட்டிலேயே வாங்கிக்கொள்ளும்படி பரிசுக் கூப்பன் கொடுப்போம்.

கேசியோ பிரிஸம் வைத்திருக்கும் இரண்டு பேர் நடுவர்களாக வர முன்வந்திருக்கிறார்கள். மூன்றாவதாக ஒருவர் கிடைத்தால் அந்தப் பிரிவும் உண்டு என்று சொல்லியிருக்கிறோம்.